கப்பல் வரும்வரை எழுந்திருக்க மாட்டார்கள்

கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் என்னிடம் அதிகம் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: "மெதுவா பேசு, தெருவுக்கே கேக்கறது." அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. சமையலறையிலிருந்து நான் அவரைக் கூப்பிட்டு, எதிர்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று வாசலுக்கு வந்து நின்றதெல்லாம் உண்டு. எனக்கு அதில் துளிகூட வெட்கம் கிடையாது. நான் மைசூரில் ஒரு டிகிரி காலேஜில் இயற்பியல் நடத்துகிறவள். கடைசி பெஞ்சில் மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு குனிந்திருக்கும் பிள்ளைக்கும் என் குரல் போய்ச் சேர வேண்டும், அவன் தலை நிமிர வேண்டும். பிள்ளைகள் எனக்கு 'மைக்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. தெரியும், உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

போன வருடம் தைராய்டில் ஒரு கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். கட்டி சாதுவானதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு சொன்னார்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவள் "தண்ணி" என்றேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த கணவர் பேப்பர் படித்துக்கொண்டே இருந்தார். மறுபடி சொன்னேன். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. மூன்றாவது தரம் கையால் கட்டிலைத் தட்டினேன்.

குரல்நாண் ஒன்று சோர்ந்து போயிருக்கிறது என்றார் டாக்டர். இந்த ஆபரேஷனில் சில பேருக்கு இப்படி ஆவதுண்டு, பெரும்பாலும் தானாகவே திரும்பும். எப்போது என்று கேட்டதற்குக் கையை விரித்துவிட்டார். நேர்மையான மனிதர், அதனால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார்மேலும் கோபப்பட்டேன். குரல் இல்லாமல் கோபப்படுவது எவ்வளவு அவமானமான வேலை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தபின் என் நாத்தனார் வந்து பார்த்தாள். கணவரின் தங்கை, இதே ஊரில் அக்ரஹாரம் என்ற பேட்டையில் இருக்கிறாள், எதையும் தானே முன்னின்று நடத்தாவிட்டால் தூக்கம் வராது. கையோடு ஒரு பித்தளை மணி வாங்கி வந்திருந்தாள். "அண்ணாவைக் கூப்பிடணும்னா இத அடிங்கோ மன்னி. தொண்டைக்கு எதுக்கு சும்னே கஷ்டம்?" என்றாள். பெருமாளுக்கு அடிக்கிற மாதிரி மணியை நான் காபிக்கு அடிக்க வேண்டுமாம். அதைப் பரணில் போட்டேன்.

ஆனால் மணியைவிட எனக்கு வலித்தது வேறு. நான் வாயைத் திறந்தால் கணவர் செய்வதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து காதைச் சாய்ப்பார். அந்தச் சாய்ந்த காதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மெதுவாகப் பேசு என்று அவர் சொல்லி மாதங்கள் ஆகிவிட்டன. என்றைக்காவது அந்த வாக்கியத்துக்கு ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

காலேஜில் விடுப்பு கொடுத்தார்கள். பிரின்சிபால் நல்ல மனுஷி, வீட்டுக்கே வந்தார். விஜயநகரில் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, ஜனவரியில் புது செமஸ்டர் ஆரம்பிக்கிறது, அதற்குள் குரல் சரியாகாவிட்டால் தேர்வுப் பிரிவில் ஒரு மேசை இருக்கிறது, பேச வேண்டிய அவசியமே இருக்காது என்றார். அன்பாகத்தான் சொன்னார். பேச வேண்டிய அவசியமே இல்லாத மேசை! அவர் போனபின் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுகைக்கும் சத்தம் இல்லை, குழாயைத் திறந்திருக்கவே வேண்டாம்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் மாணவிகளின் வயசுதான் இருக்கும். கன்னடத்தில் பொறுமையாகப் பேசுவாள். "தினமும் கொஞ்ச நேரம் சத்தமா வாசிங்க மேடம். நீளமான வாக்கியம் வேண்டாம், மூச்சு பத்தாது. சின்னச் சின்ன வரியா, உங்களுக்குப் பிடிச்சதா ஏதாவது" என்றாள்.

எங்கள் வீட்டில் சின்ன வரிகளுக்கா பஞ்சம்? அலமாரி நிறைய பாசுரங்கள். முதல் நாள் அதைத்தான் எடுத்தேன். சின்ன வயசிலிருந்து பெருமாள் கோயில் கோஷ்டியில் எல்லாரோடும் நின்று ஓங்கிச் சேவித்த வரிகள். ஒவ்வொரு வரியும் என் பழைய குரலோடுதான் எனக்குள் இருந்தது. இப்போது வெளியே வந்ததோ டயரிலிருந்து காற்று இறங்குகிற சத்தம். பாதியில் மூடி வைத்துவிட்டேன். என் பழைய குரல் ஒருபோதும் சொல்லாத வார்த்தைகளாக வேண்டும் என்று தோன்றியது. அப்படிப்பட்ட வார்த்தைகளை எங்கே தேடுவது?

என் கணவரின் நாற்காலியில்தான் கிடைத்தன. அவர் ஓய்வு பெற்றதிலிருந்து துருவப் பயணங்களில் விழுந்து கிடக்கிறார். டிசம்பர் மாத மைசூர் குளிருக்கு ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, காலில் உறை என்று மாட்டிக்கொண்டு, ஜன்னலையும் சாத்திவிட்டு, தென்துருவத்தில் கால் விரல் உதிர்ந்தவர்களைப் பற்றி ரசித்துப் படிப்பார். அவர் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். அன்று மதியச் சமையல் நடக்கவில்லை.

நூறு வருடத்துக்கும் முந்தைய கதை. தென்துருவத்துக்குப் போன ஒரு கப்பலைப் பனி சுற்றி வளைத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் இறுக்கி, கடைசியில் நொறுக்கிப் போடுகிறது. ஆட்கள் பனிமேல் இறங்கி, படகுகளை இழுத்து, எப்படியோ ஒரு பாறைத் தீவில் ஒதுங்குகிறார்கள். அந்தப் பக்கம் எந்தக் கப்பலும் வராது. கேப்டன் ஒரு சின்னப் படகில் சில பேரை ஏற்றிக்கொண்டு உதவி தேடிப் போகிறார். மற்றவர்கள் மிச்சமிருந்த இரண்டு படகுகளைக் கவிழ்த்து, அதன் அடியில் சுருண்டு படுத்துக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக விட்டுப்போன ஆள் தினமும் காலையில் எல்லாரையும் எழுப்பி, படுக்கையைச் சுருட்டி வையுங்கள், இன்றைக்கு வந்தாலும் வந்துவிடுவார் என்பாராம். தினமும். வராத நாட்களிலும். அதாவது எல்லா நாட்களிலும்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். தினமும் காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன்னே "அ" என்று சொல்லிப் பார்ப்பேன். காற்று வரும். சரி, நாளைக்கு.

அன்று சாயங்காலம் எழுத ஆரம்பித்தேன். காலேஜ் மலருக்கு அவ்வப்போது எழுதியதைத் தவிர எனக்கும் கவிதைக்கும் பெரிய உறவில்லை. வரிகளின் நீளத்தை என் நுரையீரல்தான் தீர்மானித்தது. ஒரு மூச்சில் சொல்ல முடியாத வரியை வெட்டினேன். நான் தமிழ் எழுத்தை வளர்ந்த பிறகு கற்றுக்கொண்டவள். இந்த ஊரில் பிறந்த தமிழ்க்காரர்களில் முக்கால்வாசிப் பேரைப் போலத் தமிழைக் கன்னட எழுத்தில்தான் வேகமாக எழுத வரும். எனவே தென்துருவம், தமிழ் வார்த்தைகளில், கன்னட எழுத்தில், பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் உருவானது.

*மரம் முனகியது.*
*எங்கள் கப்பல்தான்.*
*மூன்று விரல் பலகைக்கு அந்தப் பக்கம்*
*பனி தோளைக் கொடுத்துத் தள்ளியது.*
*உள்ளே ஒருவன்*
*தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தான்.*

தினமும் எழுதினதைத் தினமும் வாசித்தேன். முதலில் சுவருக்கு, பிறகு கணவருக்கு. அவர் சாய்ந்த காதோடு கேட்டார். கப்பல் மூழ்குகிற இடத்தில் "அடப்பாவமே" என்றார். நான்கைந்து தடவை படித்த கதை அவருக்கு, இருந்தாலும் சொன்னார்.

தீவு வரைக்கும் எழுதினேன். படகைக் கவிழ்த்த இடத்தோடு நின்றுவிட்டது. கேப்டன் திரும்பி வந்தது உண்மைக் கதை. பனி வழிவிடாமல் பல தடவை திரும்பிப்போய், கடைசியில் இரவல் வாங்கிய ஒரு சின்னக் கப்பலில் வந்து சேர்ந்தார். தீவில் விட்டுப்போன ஒருவர்கூடச் சாகவில்லை. அதை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எனக்கு வராத கப்பலை இவர்களுக்கு மட்டும் எதற்கு வரவழைக்க வேண்டும்? கடைசியில் இப்படி முடித்தேன்:

*படகைக் கவிழ்த்தோம்.*
*அடியில் படுத்தோம்.*
*கடல் பக்கம் பார்த்தோம்.*
*கடல் இருந்தது.*

"இதோட முடிச்சுட்டியா?" என்றார் கணவர்.

"இந்தக் காலத்துக் கவிதை இப்படித்தான் முடியும்" என்று காற்றில் சொன்னேன்.

"ஓ" என்றார். அந்த 'ஓ'வில் மரியாதை குறைவாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். நாண் அசைகிறது, நன்றாகவே அசைகிறது என்றாள் பயிற்சிப் பெண். திரையில் எனக்கும் காட்டினாள். "அப்புறம் ஏன் குரல் வரல?" என்றேன், வழக்கம்போலக் கரகரவென்று. "நீங்க தொண்டையை இறுக்கிப் பிடிச்சுக்கறீங்க மேடம். எங்க உடைஞ்சிடுமோன்னு பயந்து பயந்து பேசிப் பழகிட்டீங்க. இனிமே பாக்கி இருக்கறது அந்தப் பயம்தான்" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? பனிக்கட்டி உருகும்போது எவ்வளவு சூடேற்றினாலும் தெர்மாமீட்டர் அசையாது, வெப்பமெல்லாம் உள்ளேதான் வேலை செய்யும் என்று வருடா வருடம் போர்டில் எழுதிப் போடுகிறவள் நான். பரீட்சைக்கு வேண்டுமானால் அதை நம்பலாம், என் தொண்டை விஷயத்தில் நம்ப முடியவில்லை.

மார்கழி வந்தது. அக்ரஹாரத்தில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் கூடும் ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. மார்கழியில் காலையில் பாசுர சேவை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் யாராவது பாடுவார்கள், பேசுவார்கள். எல்லாம் நாத்தனார் ஏற்பாடு. நானே போய் எனக்கு ஒரு ஞாயிறு வேண்டும் என்று கேட்டேன். மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்: மைக் இல்லாமல், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, முதலிலிருந்து முடிவு வரை என் குரல் தாங்கினால் ஜனவரியில் வகுப்பறைக்குப் போவேன். தாங்காவிட்டால் தேர்வுப் பிரிவு மேசைக்குச் சரி என்று பிரின்சிபாலுக்குச் சொல்லிவிடுவேன். இதைக் கணவரிடம் மட்டும் சொன்னேன். "இது என்ன பரீட்சை, ஒனக்கு நீயே வெச்சுக்கறே" என்றார். மனதை மாற்ற முயற்சி செய்யவில்லை. என்னை அவருக்குத் தெரியும்.

நாத்தனார் தலைப்பைக் கேட்டு முழித்தாள். "தென்துருவமா? பெருமாள் வருவாரா மன்னி அதுல?"

"பென்குவின் வரும்."

"சரி, வரட்டும்" என்றாள் பெருந்தன்மையாக. "மைக் வெச்சுக்கோங்கோ."

"மைக் வேண்டாம். இன்னொண்ணு. யாரும் கூடச் சேர்ந்து சொல்லக்கூடாது. இது கோஷ்டி இல்லேன்னு நீ முதல்லயே சொல்லிடணும்."

இதை நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஆட்களுக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து ராகமாக ஏதாவது சொன்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்கத் தெரியாது. கோஷ்டியில் ஒருவர் ஆரம்பித்ததும் மற்றவர்கள் சேர்ந்துகொள்வதுதான் பழக்கம். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் பக்கத்துக் குரல் தூக்கிக்கொண்டு போகும், பாட்டு நிற்காது. புதிதாகப் பாடம் சொல்லிக்கொள்வதற்கும் ஒரு முறை உண்டு, சந்தை என்று பெயர். சொல்லித் தருகிறவர் ஒரு வரியை ஒரு தரம் சொல்வார். கற்றுக்கொள்கிறவர்கள் இரண்டு தரம் திருப்பிச் சொல்வார்கள். எங்களில் எல்லாரும் அப்படித்தான் கற்றோம், ரத்தத்தில் ஊறிய விஷயம். என்னுடையது தனி ஆளின் நிகழ்ச்சி. தாங்கினால் என் குரல், போனாலும் என் குரல்.

அந்த ஞாயிறு மைசூருக்கு நல்ல குளிர். மண்டபத்தில் ஸ்வெட்டரும் மஃப்ளரும் குரங்குக் குல்லாயுமாக உட்கார்ந்திருந்தார்கள். இவர்களுக்கா நான் துருவத்துக் குளிரைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, கொஞ்சம் பயம் குறைந்தது. முன்வரிசையில், குல்லாய்க்குள்ளிருந்து கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய, வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். எல்லா நிகழ்ச்சிக்கும் முதலில் வந்து கடைசியில் போகிறவர். என் கணவர் பின்சுவரோரம் நின்றுகொண்டார். அங்கே கேட்கிறதா என்று எனக்குச் சைகை காட்டுவது அவர் வேலை. ஓரத்தில் புளியோதரையும் சுண்டலும் பாத்திரத்தில் மூடித் தயாராக இருந்தன. முடிந்தால் பெருமாளுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு விநியோகம்.

நாத்தனார் எழுந்து, "இன்னிக்கு மன்னி சொல்லப்போறா. யாரும் கூடச் சொல்லப்படாது. அவாளே தனியா சொல்லுவா. கொஞ்சம் அமைதியா இருக்கணும், எதுக்குன்னா மன்னிக்குத் தொண்டை சரியில்ல" என்று நான் சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்து அறிவித்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஆரம்பித்தேன். முதல் வரிகள் தேய்ந்த கத்தி மாதிரி வந்தன, ஆனால் வந்தன. பின்னால் கணவர் கேட்கிறது என்று கையை அசைத்தார். பயிற்சிப் பெண் சொன்னபடி தோளைத் தளர்த்தி, வரிக்கு வரி நின்று, தண்ணீர் குடித்து, குரலைச் சில்லறையாகச் செலவு செய்தேன். கப்பலைப் பனி நெருக்கியபோது மண்டபத்தில் இருமல் நின்றது. உடைந்த கப்பலிலிருந்து ஒருத்தன் தன் பாஞ்சோ வாத்தியத்தைக் காப்பாற்றி எடுத்துவந்த இடத்தில் சிரித்தார்கள். சீல் மிருகத்தின் கொழுப்பை எரித்துச் சமைத்த இடத்தில் ஒரு மாமி காதைப் பொத்திக்கொண்டாள். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் யாரோ ஒருவரின் உதடு நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லி அசைந்தது, சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. பாவம், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தீவுக்கு வந்தபோது தொண்டை காய்ந்து இறுகியது. இன்னும் சில வரிதான், தள்ளிவிடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். *கடல் பக்கம் பார்த்தோம்.* அந்த வரியில் குரல் பாதி உடைந்தது. *கடல் இருந்தது.* அது வெறும் காற்று. பின்சுவரைப் பார்த்தேன். கணவர் கை அசையவில்லை. கேட்கவில்லை என்று அர்த்தம்.

முடிந்தது என்று காகிதத்தை மடித்தேன். பரீட்சையில் கடைசிக் கேள்வியில் கோட்டைவிட்டேன். தேர்வுப் பிரிவு மேசை கண் முன்னால் வந்தது. யாரும் கைதட்டவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் கற்பூரம் எடுக்கப் போகவில்லை.

குல்லாய்ப் பெரியவர்தான் கேட்டார். "அப்புறம்?"

"அவ்ளோதான் மாமா."

"அவ்ளோதான்னா? அவா எல்லாம் அங்கயே இருக்காளா?"

"இல்ல. கேப்டன் வந்து கூட்டிண்டு போயிட்டார். எல்லாரும் பொழைச்சுட்டா."

மண்டபமே மூச்சு விட்டது. "அப்போ அதைச் சொல்லாம எப்படிம்மா முடிக்கலாம்?" என்றார் அவர். கோபமே இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "பாராயணத்துல துக்கமான எடத்துல யாராவது ஏட்டை மூடுவாளா? நல்ல சேதி வர எடம் வரைக்கும் வாசிச்சுட்டுன்னா மூடணும். அவாளக் கரை சேர்த்துட்டு வா. நாங்க இருக்கோம்."

"அது எழுதலை மாமா. குரலும் போயிடுத்து."

"எழுதாட்டா என்ன? சொல்லேன்."

"மன்னி, பசிக்கறது எல்லாருக்கும். ஆனா யாரும் எழுந்துக்க மாட்டா, பாத்துக்கோங்கோ" என்றாள் நாத்தனார், சுண்டல் பாத்திரத்துக்குக் காவலாக நின்றுகொண்டு.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நவீனமாக முடித்தால், எனக்கு ஏட்டை மூடத் தெரியவில்லை என்கிறார்கள் இவர்கள்! ஆனால் முகங்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைச் சோதிக்கவில்லை. அந்த ஆட்கள் கவிழ்த்த படகின் அடியில் கிடக்கும்போது தாங்கள் எழுந்து போய்ப் புளியோதரை சாப்பிடுவது சரியில்லை என்று நினைத்தார்கள். அவ்வளவுதான். சரி, தொலையட்டும், போன குரல் போய்விட்டது, இருக்கிற காற்றில் சொல்லிவிட்டுப் போவோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"குழம்பு கொதிக்கும் நேரம்" என்றேன்.

"குழம்பு கொதிக்கும் நேரம், குழம்பு கொதிக்கும் நேரம்" என்றார் பெரியவர். இரண்டு தரம். சந்தை! பழக்கதோஷம். இரண்டாவது தரத்தில் மண்டபம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. கூடச் சொல்லக்கூடாது என்ற அறிவிப்பு போன இடம் தெரியவில்லை. நாத்தனார் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தவள் நிறுத்தவில்லை. அவர்கள் இரண்டு தரம் சொல்கிற நேரத்தில் எனக்கு மூச்சு வந்திருந்தது. அடுத்த வரியும் வந்திருந்தது.

"வெளியே ஒருவன் கத்தினான்."

வெளியே ஒருவன் கத்தினான், வெளியே ஒருவன் கத்தினான்.

"கப்பல் என்றான். யாரும் நம்பவில்லை."

அதையும் சொன்னார்கள். கொழுப்பு எரிந்த புகையில் கண் எரிய வெளியே ஓடியதைச் சொன்னேன், சொன்னார்கள். அவசரத்தில் குழம்புச் சட்டி கவிழ்ந்ததைச் சொன்னேன், சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஒருத்தன் தன் சட்டையையே கொடியாக ஏற்றினான், கயிறு சிக்கிக்கொண்டது. ஒரு வரி என்னுடையது, இரண்டு வரி அவர்களுடையது. எனக்கு எந்த அவசரமும் இல்லை. அடுத்து என்ன நடந்தது என்பது மட்டுமே தலையில் ஓடியது. தொண்டை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. கேப்டன் படகில் கரையை நெருங்குகிறார். கண்ணில் தூரக்கண்ணாடி. கரையில் நிற்கும் தலைகளை எண்ணுகிறார். மறுபடி எண்ணுகிறார். எண்ணி முடித்துக் கண்ணாடியை இறக்கி, வாய்க்குக் கையைக் குவித்து, அலைக்கு மேலே கூவுகிறார்:

"எல்லாரும் இருக்கீங்களா?"

முறைப்படி அவர்கள் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. மண்டபம் மொத்தமும் ஒரே குரலில் எனக்குப் பதில் சொன்னது.

"இருக்கோம்!"

அந்தச் சத்தம் அடங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்ட கேள்வி கூரையில் பட்டுத் திரும்பி வந்திருந்தது. வெளியே தெருவில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், கண்ணில் தண்ணீர். பின்சுவரில் கணவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தார், போலீஸ் பிடித்த திருடன் மாதிரி. அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

பெரியவர் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இப்போ மூடலாம்" என்றார்.

கற்பூரம் காட்டினார்கள். புளியோதரை கொடுத்தார்கள். எனக்கு இரண்டு பங்கு. பென்குவின் எத்தனை கிலோ இருக்கும் என்று ஒரு மாமி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, ஆனால் தெரியாது என்பதை நன்றாகவே சத்தமாகச் சொன்னேன். அடுத்த ஞாயிறும் இந்தக் கேப்டனே வருவாரா என்று இன்னொருத்தி கேட்டாள். கைகால் எல்லாம் லேசாகிவிட்டிருந்தது. சந்தோஷம் என்றுகூடச் சொல்ல முடியாது. ரொம்ப நாளாகத் தலையில் வைத்திருந்த எதையோ யாரோ இறக்கி வைத்த மாதிரி, அப்பாடா என்று இருந்தது.

ஸ்கூட்டரில் விஜயநகருக்குத் திரும்பினோம். நான் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தேன். கரகரப்பு நடுநடுவே வந்தது, போனது, நான் லட்சியம் செய்யவில்லை. பெரியவர் எப்படி என் முடிவைக் கெடுத்தார் என்று திட்டினேன். நாத்தனார் ஊரைக் கூட்டி என் தொண்டையைப் பற்றி அறிவித்ததைத் திட்டினேன். நாளைக்கே பிரின்சிபாலுக்குப் போன் செய்து, அந்த மேசையை வேறு யாருக்காவது போடச் சொல்லப்போகிறேன் என்றேன். சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்துக் காரில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள்.

"மெதுவா பேசு, தெருவுக்கே கேக்கறது" என்றார் கணவர்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. பச்சை விழுந்தது, பின்னால் ஹார்ன் அடித்தார்கள், அவர் வண்டியை எடுக்கவில்லை. ஸ்வெட்டர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நான் அழுதேன், நல்ல சத்தமாக.

"இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் இரண்டு தரம் சொன்னார்.